ஊரையே மூக்கைப் பொத்த வைக்கும் பூ: அதற்கு அடையாளம் சொன்ன ஜோசப் ஹூக்கர் யார்?

கோடை மழை இரண்டு தடவை நன்றாகப் பெய்தால் போதும். கொல்லிமலையின் வாழவந்தி நாடாக இருக்கட்டும், அடிவாரத்துச் சேந்தமங்கலமாக இருக்கட்டும், மண்ணுக்குள் சேனைக்கிழங்கு கிடக்கும் இடத்தில் ஒரு வினோதம் நடக்கலாம். இலை இல்லை, கிளை இல்லை. வெறும் தரையைப் பிளந்துகொண்டு கருஞ்சிவப்பு நிறத்தில், சுருக்கம் சுருக்கமாக, தட்டு அகலத்துக்கு ஒரு பூ வந்து நிற்கும். சாயங்காலம் ஆனால் எலி செத்துக் கிடப்பதுபோல நாற்றம் குடலைப் பிடுங்கும்.

முதல்முறை பார்ப்பவர்கள் பயந்துபோவது சகஜம். உடனே போட்டோ எடுத்து குடும்ப குரூப்பில் போடுவார்கள். மொபைல் செயலி ஒன்று சில நொடிகளில் ஒரு பெயர் சொல்லும்: அமார்ஃபோஃபாலஸ் பியோனிஃபோலியஸ். நம்ம சேனைக்கிழங்கின் அறிவியல் பெயர்தான் அது. ஆனால், அந்தச் சில நொடிப் பதிலுக்குப் பின்னால் சுமார் 200 வருட உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பின் மையத்தில் இருந்தவர் சர் ஜோசப் டால்டன் ஹூக்கர். பிளஸ் ஒன்னில் தாவரவியல் எடுத்தவர்களுக்குப் பெந்தம் - ஹூக்கர் வகைப்பாடு என்று மனப்பாடம் செய்தது ஞாபகம் இருக்கும். அதே ஹூக்கர்தான்.

பூக்களுக்குப் பெயர் சொல்வது இவ்வளவு பெரிய வேலையா? ஒரு செடிக்குப் பெயர் வைக்கும் உரிமை யாருக்கு? ஹூக்கரின் வாழ்க்கையைப் பார்த்தால் இரண்டுக்கும் விடை கிடைக்கும்.

எதற்காக இவ்வளவு நாற்றம்?

முதலில் பூவைப் புரிந்துகொள்வோம். பூ என்று நாம் சொல்வது உண்மையில் ஒரே பூ அல்ல, ஒரு பூங்கொத்து. நடுவில் நிற்கும் தண்டின் அடிப்பகுதியில் நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள் ஒட்டியிருக்கும். கீழே பெண் பூக்கள், அதற்கு மேலே ஆண் பூக்கள். சுற்றியிருக்கும் கருஞ்சிவப்புப் பகுதி இதழ் அல்ல. தென்னம்பாளை மாதிரி பூங்கொத்தை மூடிக் காக்கும் ஒரு மடல்.

தேனீக்களை அழைக்க மல்லிகை வாசனை போதும். இந்தச் செடிக்கு வேண்டியது பிணத்தில் முட்டையிடும் ஈக்களும் வண்டுகளும். அதனால் அழுகும் இறைச்சியில் இருந்து வரும் அதே கந்தகச் சேர்மங்களை இந்தச் செடியே தயாரிக்கிறது. தண்டு சூடாகிறது, அந்தச் சூட்டில் நாற்றம் தூரம் வரை பரவுகிறது. முதலில் பெண் பூக்கள் தயாராகும். அவை ஓய்ந்த பிறகுதான் ஆண் பூக்கள் மகரந்தம் உதிர்க்கும். ஏமாந்து வந்த பூச்சி மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அடுத்த பூவுக்குப் போகும். ஓரிரு நாளில் கதை முடிந்து பூ வாடிவிடும்.

இந்தச் செடி ஒரு கட்டத்தில் பூவைக் காட்டும், வேறொரு கட்டத்தில் குடை மாதிரி ஒற்றை இலையைக் காட்டும். இரண்டும் சேர்ந்தாற்போலப் பார்க்கக் கிடைப்பது அரிது. பூவைப் பார்த்தவர் இலையைப் பார்த்திருக்க மாட்டார். இலையைப் பார்த்தவர் பூவைப் பார்த்திருக்க மாட்டார். சதைப்பற்றான பூ என்பதால் காகிதத்தில் அழுத்திக் காயவைத்தால் உருவமே போய்விடும். தாவரவியலாளர்களுக்கு இந்தக் குடும்பம் தலைவலியாக இருந்ததற்கு இதுதான் காரணம். இப்படிப்பட்ட தலைவலிகளைத் தீர்ப்பதையே தொழிலாகக் கொண்டவர் ஹூக்கர்.

அப்பாவின் வகுப்பில் உட்கார்ந்த பையன்

1817 ஜூன் 30ஆம் தேதி இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் உள்ள ஹேல்ஸ்வொர்த் என்ற சிற்றூரில் ஜோசப் ஹூக்கர் பிறந்தார். அப்பா வில்லியம் ஜாக்சன் ஹூக்கர், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியர். பள்ளி வயதிலேயே அப்பாவின் கல்லூரி வகுப்புகளில் போய் உட்கார்ந்துகொள்வது ஜோசப்பின் பழக்கம். வீடு முழுக்கக் காய்ந்த செடிகள், உலகின் பல மூலைகளில் இருந்து வந்த கடிதங்கள். மற்ற பிள்ளைகள் எழுத்து கற்ற வயதில் இவர் பாசிகளையும் புற்களையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டார்.

ஆனால் செடிகளைப் பார்ப்பது சோறு போடும் வேலையாக அந்தக் காலத்தில் இல்லை. அதனால் மருத்துவம் படித்து 1839ல் டாக்டர் ஆனார். ஊசியும் மருந்தும் அவரது இலக்கு அல்ல. கப்பலில் ஏறுவதற்கு அது ஒரு டிக்கெட். அதே வருடம் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் தலைமையில் தென்துருவப் பகுதிக்குக் கிளம்பிய எரிபஸ் கப்பலில் உதவி அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். வயது 22.

நான்கு வருடம் கடலிலேயே போனது. பனிப்பாறைகள், புயல், இடையிடையே டாஸ்மேனியா, நியூசிலாந்து, ஃபாக்லாந்து தீவுகள். கரையில் கால் வைத்த இடத்தில் எல்லாம் செடி சேகரித்தார். பெருங்கடல் பிரிக்கும் தீவுகளில் ஒரே மாதிரியான செடிகள் எப்படி வந்தன என்ற கேள்வி அப்போதுதான் அவரைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கேள்வி அவரை இன்னொரு மனிதரிடம் கொண்டு சேர்த்தது. அவர் பெயர் சார்லஸ் டார்வின்.

டார்வின் நம்பிச் சொன்ன ரகசியம்

1844 ஜனவரியில் டார்வின் ஹூக்கருக்கு ஒரு கடிதம் எழுதினார். உயிரினங்கள் மாறாதவை அல்ல என்ற முடிவுக்குத் தான் வந்திருப்பதை அதில் ஒப்புக்கொண்டார். அந்தக் காலத்தில் அது வெளியே சொன்னால் மானம் போகும் கருத்து. டார்வின் அதை முதலில் பகிர்ந்துகொண்ட மிகச் சிலரில் ஹூக்கர் ஒருவர். ஹூக்கர் சிரிக்கவில்லை, ஊரில் சொல்லவும் இல்லை. அதற்குப் பதிலாக வருடக்கணக்கில் செடிகள் பற்றிய தகவல்களை அனுப்பினார். டார்வினின் வாதத்தில் ஓட்டை தெரிந்தால் முகத்துக்கு நேராகச் சுட்டிக்காட்டினார்.

1858ல் அதே கருத்தைத் தானாகவே கண்டுபிடித்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸிடம் இருந்து ஒரு கட்டுரை டார்வினுக்கு வந்தது. டார்வின் ஆடிப்போனார். ஹூக்கரும் புவியியலாளர் சார்லஸ் லயலும் தலையிட்டு, இருவருடைய எழுத்துகளையும் சேர்த்து ஜூலை 1ஆம் தேதி லின்னேயன் சங்கத்தில் வாசிக்க ஏற்பாடு செய்தார்கள். பரிணாமக் கொள்கை வெளியுலகுக்கு வந்தது இப்படித்தான்.

இமயமலையும் ஒரு கைதும்

இடையில் வேலை தேடிய ஹூக்கருக்கு எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி கைநழுவிப் போனது. அந்தத் தோல்வி ஒருவகையில் இந்தியாவுக்கு வழி திறந்தது. 1847 நவம்பரில் கிளம்பி, 1848 ஜனவரியில் கல்கத்தாவில் இறங்கினார்.

டார்ஜிலிங்கை மையமாக வைத்துக்கொண்டு சிக்கிம், கிழக்கு நேபாளம் பகுதிகளில் அலைந்தார். அவரே மூட்டை தூக்கிக்கொண்டு தனியாக அலைந்ததாக நினைக்க வேண்டாம். லெப்சா இன மக்கள் உள்ளிட்ட பெரிய கூட்டமே கூடப் போனது. வழி காட்டியவர்கள், மரம் ஏறிப் பூப் பறித்தவர்கள், மழையில் காகிதம் நனையாமல் செடிகளைக் காயவைத்தவர்கள் அவர்கள்தான். கிட்டத்தட்ட 19,000 அடி உயரம் வரை ஏறினார். ரோடோடெண்ட்ரான் வகைகள் பலவற்றை முதன்முதலாக விவரித்தது இந்தப் பயணத்தின் பெரிய சாதனை. நீலகிரியில் காட்டுப்பூவரசு என்று சொல்கிறோமே, அந்த இனம்தான்.

சிக்கிம் அரசுக்கு இந்தப் பயணம் பிடிக்கவில்லை. நாட்டின் வழிகளையும் கணவாய்களையும் ஒரு வெள்ளைக்காரர் வரைபடம் போடுவதை எந்த அரசுதான் விரும்பும்? 1849 நவம்பரில், அனுமதி மீறித் திபெத் எல்லையைத் தாண்டித் திரும்பிய ஹூக்கரையும் டார்ஜிலிங் அதிகாரி ஆர்ச்சிபால்ட் கேம்பலையும் சிக்கிம் திவானின் ஆட்கள் பிடித்து வைத்தார்கள். கேம்பல் அடி வாங்கினார். கிறிஸ்துமஸ் சமயத்தில் இருவரும் விடுவிக்கப்பட்டார்கள். ஆனால் பிரிட்டிஷார் சும்மா விடவில்லை. இதையே காரணமாகக் காட்டி சிக்கிமின் தெற்குப் பகுதி நிலத்தைத் தங்கள் வசம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு தாவரப் பயணம் ஒரு நாட்டின் எல்லையையே மாற்றிவிட்டது.

அடுத்த வருடம் காசி மலைகளில் நடந்தது இன்னும் உறுத்தும். நீல நிற வாண்டா ஆர்க்கிட் மரங்களில் பூத்துக் குலுங்குவதைப் பார்த்து, இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவுக்காக ஏழு ஆள் சுமக்கும் அளவுக்குப் பறிக்கச் செய்தார். அதில் பெரும்பகுதி வழியிலேயே செத்துப்போனது. பிறகு வந்த வியாபாரிகள் இதே வேலையைப் பணத்துக்காகச் செய்தார்கள். ஹூக்கரின் ஆர்வமும் அவர் காலத்து ஆக்கிரமிப்பும் ஒட்டிப் பிறந்தவை. ஒன்றை மட்டும் தனியாகப் பிரித்துப் பாராட்ட முடியாது.

உலகத்துச் செடிகளின் தலைமை அலுவலகம்

1851ல் ஊர் திரும்பிய ஹூக்கர், தாவரவியலாளர் ஹென்ஸ்லோவின் மகள் ஃபிரான்ஸஸைக் கல்யாணம் செய்தார். அப்பா அப்போது லண்டன் அருகே கியூ பூங்காவின் இயக்குநர். 1855ல் மகன் துணை இயக்குநர் ஆனார். அப்பா இறந்த 1865ல் இயக்குநர். 20 வருடம் அந்தப் பதவியில் இருந்தார்.

சொந்த வாழ்க்கை சுலபமாக இல்லை. 1863ல் ஆறு வயது மகள் இறந்துபோனாள். 1874ல் மனைவியும் போய்விட்டார். நடுவில் அரசியல் தொல்லை வேறு. பொதுப்பணிகளுக்குப் பொறுப்பாக இருந்த அமைச்சர் ஆக்டன் அயர்ட்டன், கியூவின் செலவுகளிலும் நியமனங்களிலும் ஹூக்கரைக் கேட்காமலே மூக்கை நுழைத்தார். கியூவின் உலர்தாவரச் சேகரிப்பை பிரிட்டிஷ் மியூசியத்துக்கு மாற்ற வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. 1872ல் டார்வின், லயல் உள்ளிட்ட விஞ்ஞானிகள் ஹூக்கருக்கு ஆதரவாகப் பிரதமருக்கு மனு கொடுத்தார்கள். சேகரிப்பு கியூவிலேயே தங்கியது. அடுத்த வருடம் ஹூக்கர் ராயல் சொசைட்டியின் தலைவர் ஆனார்.

கியூ அழகுக்கான பூங்கா மட்டும் அல்ல. சாம்ராஜ்யத்தின் விதைக் கிடங்கும் அதுதான். ஹூக்கர் இயக்குநராக இருந்த 1876ல் பிரேசிலில் இருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகள் கியூவுக்கு வந்தன. முளைத்தவை 3,000கூட இல்லை. அந்த நாற்றுகளில் பெரும்பாலானவை இலங்கைக்கு அனுப்பப்பட்டன. மறுவருடம் சில சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தன. மலேயாவில் லட்சக்கணக்கான ஏக்கர் ரப்பர் தோட்டங்கள் எழுந்ததும், தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்து கூலிகளாகக் குடும்பம் குடும்பமாகக் கப்பல் ஏறியதும் அதற்குப் பின்னால் வந்த வரலாறு. கியூவின் கண்ணாடி வீட்டில் முளைத்த நாற்று, நம் தாத்தா பாட்டிகளின் முகவரியை மாற்றியிருக்கிறது.

கண்ணாடி வீட்டுக்குள் ஒரு ராட்சசன்

1878ல் இத்தாலியைச் சேர்ந்த ஓடோர்டோ பெக்காரி, சுமத்ரா தீவின் காட்டில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் பிணவாடைப் பூ ஒன்றைக் கண்டார். அவர் அனுப்பிய கிழங்குகள் பிரான்ஸின் மார்செய்ல் துறைமுகத்தில் தடைபட்டு வீணாகின. திராட்சைத் தோட்டங்களை அழித்த பூச்சிக்குப் பயந்து அயல்நாட்டுச் செடிகளுக்கு விதிக்கப்பட்டிருந்த தடையே காரணம். நல்லவேளையாக விதைகள் தப்பி இத்தாலி போய் முளைத்தன. அவற்றில் ஒரு நாற்று 1879ல் கியூவுக்கு வந்தது.

கண்ணாடி வீட்டில் சுமத்ராவின் வெப்பமும் ஈரமும் செயற்கையாக உருவாக்கப்பட்டன. செடி ஒவ்வொரு முறையும் ஒற்றை இலையை விட்டு, வாடி, மறுபடி இலை விட்டது. அவ்வளவுதான், பூ வரவில்லை. இதற்குள் ஹூக்கர் 1885ல் ஓய்வு பெற்றார். அவரது மருமகன் வில்லியம் திசெல்டன் டயர் இயக்குநர் ஆனார். நாற்று வந்து பத்து வருடம் கழித்து, 1889 ஜூன் மாதம் பூ விரிந்தது. சுமத்ராவுக்கு வெளியே சாகுபடியில் அந்த இனம் பூத்தது அதுவே முதல்முறை.

இங்கேதான் கண்ணாடி வீட்டின் அருமை புரியும். காட்டில் பூவைப் பார்த்தவர் அதன் இலையைப் பார்க்க எத்தனை மாதம் காத்திருப்பார்? பூங்காவில் ஒரே கிழங்கு விதையில் இருந்து இலை, இலையில் இருந்து பூ என்று போகும் முழுப் பயணமும் கண்முன்னே நடந்தது. பெண் பூவின் சூலகமுடி எப்படி இருக்கிறது, ஆண் பூக்கள் எங்கே தொடங்குகின்றன, மடலின் அடியில் என்ன இருக்கிறது என்று உயிரோடு இருக்கும்போதே அளக்க முடிந்தது. அடையாளம் காண உதவுவது நாற்றம் அல்ல. இந்தச் சின்னச் சின்ன உறுப்புகள்தான்.

ஓய்வு பெற்றிருந்தாலும் கர்ட்டிஸ் தாவரவியல் இதழின் ஆசிரியராக ஹூக்கர் தொடர்ந்தார். 1891ல் அந்த இதழில் ராட்சசப் பூவின் விவரமும் மூன்று படங்களும் வெளிவந்தன. வரைந்தவர் மட்டில்டா ஸ்மித். பம்பாயில் பிறந்தவர், ஹூக்கரின் தூரத்து உறவினர். அந்த இதழுக்காக 2,000க்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தவர். பூ வாடுவதற்குள் வரைந்து முடிக்க வேண்டும். அதனால் அந்த நாற்றத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து அவதிப்பட்டு வரைந்தார்.

அமார்ஃபோஃபாலஸ் டைட்டானம் என்ற அந்தப் பெயருக்குச் சபையில் சொல்லக் கூச்சப்படும் ஓர் அர்த்தம் உண்டு. அதைத் தவிர்க்கத்தான் 1995ல் டேவிட் அட்டன்பரோ தன் தொலைக்காட்சித் தொடரில் டைட்டன் ஆரம் என்ற பெயரைப் பயன்படுத்தினார். இன்று உலகம் முழுக்க அந்தப் பெயர்தான் பிரபலம். கேரளத்தின் வயநாட்டில் உள்ள குருகுல தாவரச் சரணாலயத்திலும் இந்த ராட்சசன் பூத்திருக்கிறது.

நம்ம சேனை எப்படி அந்தப் புத்தகத்துக்குள் போனது?

சுமத்ரா ராட்சசனும் நம்ம சேனையும் ஒரே பேரினம், அதாவது நெருங்கிய சொந்தக்காரர்கள். ராட்சசனின் படம் வெளியான சில வருடங்களில், 1893ல், இந்தியாவின் சேனை இனங்களை ஹூக்கரே வரிசைப்படுத்தி எழுதினார். இடம்பெற்ற நூல், பிரிட்டிஷ் இந்தியாவின் தாவரங்கள் என்ற அவரது மாபெரும் படைப்பு. 1872ல் தொடங்கி 1897ல் முடிந்தது. மொத்தம் ஏழு தொகுதிகள். இமயம் முதல் இலங்கை வரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செடிகளுக்கு விவரம் சொன்ன நூல்.

கொல்லிமலைப் பக்கம் ஹூக்கர் வந்ததில்லை. தென்னிந்தியச் செடிகள் அவர் மேஜைக்குப் போனது வேறொருவர் மூலமாக. சென்னை மாகாணத்தில் 30 வருடத்துக்கு மேல் வேலை பார்த்த மருத்துவர் ராபர்ட் வைட், கோவையில் பருத்திப் பரிசோதனையை நடத்திக்கொண்டே ஆயிரக்கணக்கான செடிகளைச் சேகரித்தார். அந்தச் சேகரிப்பின் முக்கியப் பகுதி கடைசியில் கியூவுக்குப் போனது. வைட்டின் புத்தகங்களுக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு தென்னிந்திய ஓவியர்கள். கோவிந்துவைக் கௌரவிக்க, ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் அவர் பெயரையே சூட்டினார். பிறகு அந்தப் பேரினம் வேறொன்றோடு இணைக்கப்பட்டுவிட, பெயர் வழக்கொழிந்தது.

பெயர் சொன்னவர் யார், பெயர் இழந்தவர் யார்?

ஹூக்கரின் பலமும் பலவீனமும் ஒன்றுதான்: எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவித்து ஒப்பிடுவது. ஒரே செடிக்கு ஊருக்கொரு பெயர் வைத்தால் அறிவியல் குழம்பிப்போகும் என்று அவர் நம்பினார். அது சரிதான். சேனைக்கிழங்கு, கருணைக்கிழங்கு என்ற பெயர்களே நம்மிடம் மாவட்டத்துக்கு மாவட்டம் இடம் மாறி நிற்கின்றன. டார்வின் விட்டுச்சென்ற பணத்தில் ஹூக்கரின் மேற்பார்வையில் உருவான இன்டெக்ஸ் கியூவென்ஸிஸ், பூக்கும் தாவரங்களின் பெயர்களை எல்லாம் திரட்டியது. இன்று இணையத்தில் இருக்கும் தாவரப் பெயர்ப் பட்டியல்களுக்கு அதுவே ஆணிவேர். பெந்தமுடன் சேர்ந்து 1862 முதல் 1883 வரை எழுதிய ஜெனிரா பிளாண்டாரம், 97,205 இனங்களை 202 குடும்பங்களில் அடக்கியது. நம்ம கல்லூரிகளின் ஹெர்பேரியங்கள் இன்றும் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன.

ஆனால் முடிவு சொல்லும் அதிகாரமும் ஓரிடத்தில் குவிந்தது. செடி இருக்கும் ஊரில் வாழ்பவர்கள் புதிய இனம் என்று பெயர் வைப்பதை ஹூக்கர் ரசிக்கவில்லை. அவர்கள் மாதிரியை அனுப்ப வேண்டும், தீர்ப்பு கியூ சொல்லும் என்பதே அவர் எண்ணம். ஒரு செடியின் பெயருக்கு ஆதாரமான மூல மாதிரிகள் கடல் தாண்டிப் போய்விட்டதால், சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தியா தன் தாவரவியலாளர் ஒருவரைக் கியூவில் பல பத்தாண்டுகள் அமர்த்தி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. பெயர் சரியாகத் தெரியாவிட்டால் ஓர் இனம் அழிகிறதா, பிழைக்கிறதா என்றுகூடச் சொல்ல முடியாது.

சேனையின் கதையில் இதற்கு ஒரு திருப்பம் இருக்கிறது. ஹூக்கர் தன் நூலில் அன்று வழக்கில் இருந்த காம்பனுலேட்டஸ் என்ற பெயரைப் பயன்படுத்தினார். மணி வடிவம் என்று பொருள். ஆனால் தாவரப் பெயரிடலில் மூத்த பெயருக்கே முன்னுரிமை. 1818ல் டென்ஸ்டெட் என்ற ஜெர்மானியர் வைத்த பியோனிஃபோலியஸ்தான் மூத்தது என்பதால், 1977ல் அமெரிக்கத் தாவரவியலாளர் டான் நிக்கல்சன் அதை மீட்டு உரிய பேரினத்தில் சேர்த்தார். டென்ஸ்டெட் அந்தப் பெயருக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது எதை? 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சான ஹோர்டஸ் மலபாரிகஸ் என்ற 12 தொகுதி நூலில் இருந்த படத்தை. டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த அந்த நூலில் சேனை என்ற நம்ம ஊர்ச் சொல்லே அச்சாகியிருக்கிறது. செடிகளைப் பற்றிச் சொன்ன கேரளத்து வைத்தியர் இட்டி அச்சுதன் உள்ளிட்டோரின் பெயர்களும் அதில் பதிவாகியிருக்கின்றன.

ஆக, உள்ளூர் வைத்தியர்களின் பெயரைச் சொன்ன நூலில் வேர் விட்ட பெயர்தான் கடைசியில் நிலைத்தது. உலகின் பெரிய தாவரவியலாளர் பயன்படுத்திய பெயர் பழையதாகிவிட்டது. அதே சமயம், ஹூக்கருக்காக மரம் ஏறிய லெப்சா மக்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? கூலி கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை.

கடைசிவரை உருப்பெருக்கியும் கையுமாக

நூல் முடிந்த 1897ல் ஹூக்கருக்கு வயது 80. ஓய்ந்துவிட்டாரா? இல்லை. அதற்குப் பிறகுதான் காசித்தும்பை இனத்தைக் கையில் எடுத்தார். தொட்டாலே நசுங்கும் மென்மையான பூ. காயவைத்த மாதிரியை வெந்நீரில் ஊறவைத்து, உறுப்பு உறுப்பாகப் பிரித்து வரைய வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்த இனத்தின் செல்வம் கொட்டிக் கிடக்கிறது. தொண்ணூறு வயதைத் தாண்டியும் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 1907ல் 90ஆவது பிறந்தநாளில் ஆர்டர் ஆஃப் மெரிட் என்ற உயரிய விருது கிடைத்தது.

1911 டிசம்பர் 10ஆம் தேதி சன்னிங்டேலில் தன் வீட்டில் 94 வயதில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் டார்வினுக்கு அருகே அடக்கம் செய்ய இடம் தர முன்வந்தார்கள். குடும்பம் அதை ஏற்கவில்லை. கியூவின் செயின்ட் ஆன் தேவாலயத்தில், அப்பாவின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இப்படி ஒரு பூவை நீங்கள் பார்த்தால்?

ஹூக்கர் செய்ததன் சின்ன வடிவத்தை மொபைல் வைத்திருக்கும் யாரும் செய்யலாம்.

செயலி சொல்வதை முதல் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இந்தப் பேரினத்தில் பல இனங்கள் இருக்கின்றன. ஒரே ஒரு போட்டோவில் வித்தியாசம் தெரியாது. மடலின் வெளிப்பக்கம், உள்பக்கம், நடுத்தண்டு, அதன் அடியில் இருக்கும் குட்டிப் பூக்கள் என்று தனித்தனியாகப் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் அல்லது பேனா வைத்தால் அளவு தெரியும். தேதி, இடம், நாற்றம் வந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இலை வரும்போது அதே இடத்துக்குப் போய் இலையையும் காம்பையும் படம் எடுங்கள்.

கிழங்கைத் தோண்டவோ ருசி பார்க்கவோ வேண்டாம். இந்தக் குடும்பத்துச் செடிகளில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கும். நாக்கும் தொண்டையும் காறி எரிவதற்கு அதுதான் காரணம். வீட்டில் சேனையைப் புளி சேர்த்து நன்றாக வேகவைப்பதும் அந்தக் காறலைக் குறைக்கத்தான். காட்டுக் கிழங்கில் காறல் இன்னும் கடுமையாக இருக்கும்.

உறுதியான பதில் வேண்டுமா? கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வு மையத்தின் தென்மண்டல அலுவலகம் இருக்கிறது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினெட் ஹெர்பேரியம் இருக்கிறது. அங்கிருந்து கே.எம்.மாத்யூ தலைமையில் உருவான தமிழ்நாட்டுச் சமவெளி, கிழக்கு மலைகளின் தாவர நூல் 1980களில் வெளிவந்தது. நம்ம மலைச் செடிகளின் பெயரை உறுதிசெய்ய லண்டனுக்குத் தபால் அனுப்பிக் காத்திருந்த காலம் போய்விட்டது.

முக்கியமான ஒன்றை விட்டுவிடாதீர்கள். அந்த ஊர்ப் பெரியவர்கள் அந்தச் செடியை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் அனுமதித்தால், சொன்னவர் பெயரையும் சேர்த்தே எழுதி வையுங்கள். ஹூக்கரின் ஏழு தொகுதிகளில் அந்தப் பகுதிதான் காலியாக இருக்கிறது.